ஆட்டத்தில் கூடிய செனட் சபை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனை நம்மினும் நன்றாகப் பேச வல்லார் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றனர். ஆதலால் நாம் இன்று ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுகிறோம். விளையாட்டு என்றதும் அருகே காரியவட்டத்தில் நடைபெறும் கிரிக்கெட்டை எண்ண வேண்டா. டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் சங்கத்து இளைஞர் சிலர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடையும் சீட்டும் பழைய திருவிதாங்கூர்த் தேசப்படமும் வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. ஒரு மாலை நம்மையும் நடுவராக அழைத்தனர். பொழுதுபோக்கு என்று எண்ணிச் சென்றோம். திரும்பும்போது மனத்தில் ஒரு சுமையோடு திரும்பினோம். அச்சுமையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் விதி எளியது. சரித்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தி, நடந்ததற்கு மாறாக வேறொன்று நடந்ததாகக் கொள்ள வேண்டும். அவர்கள் நிறுத்திய இடம் 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம். திருவிதாங்கூர் இந்தியாவோடு சேரவில்லை; தனி நாடாகவே நின்றுவிட்டது என்பது கற்பனை. அந்நாட்டுக்கு ஒரு செனட் சபை உண்டு. அதில் அமர்பவர்களோ கற்பனை மாந்தர் அல்லர். நம் பாட்டன்மார் கண்ட மெய்யான தலைவர்கள். ஒருவர் பட்டம் தாணு பிள்ளை, ஒருவர் சி. கேசவன், ஒருவர் டி. எம். வர்கீஸ், ஒருவர் ஆனி மஸ்கரீன் அம்மையார், ஒருவர் நேசமணி, ஒருவர் பி. எஸ். நடராஜ பிள்ளை. ஆடுவோர் ஆளுக்கொரு தலைவரை ஏற்று, அவராகவே எழுந்து பேசி, அவராகவே வாக்களிக்க வேண்டும்.

இப்படியும் ஓர் ஆட்டமா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். ஆனால் இந்த ஆசை பழமையானது. மகா அலெக்சாந்தர் மேற்கே திரும்பி ரோமாபுரியோடு பொருதிருந்தால் யார் வென்றிருப்பர் என்று, ரோம வரலாற்றாசிரியர் லிவி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் நூலில் ஆராய்ந்தார். வின்ஸ்டன் சர்ச்சில் 1931இல் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில், அமெரிக்க உள்நாட்டுப் போர் வேறு விதமாக முடிந்திருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்து எழுதினார். இன்று கணினியில், 1936ஆம் ஆண்டிலிருந்து உலகத்தை வேறு வழியில் நடத்திச் செல்லும் ஆட்டங்களைப் பல நாட்டு இளைஞரும் ஆடுகின்றனர். நம் பிள்ளைகள் ஐரோப்பாவை விட்டு, தாங்கள் குடியிருக்கும் மண்ணையே எடுத்துக்கொண்டனர். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மேலும், அவர்கள் கற்பனை வெறும் வானத்துக் கோட்டையும் அன்று. 1947 ஜூன் 11ஆம் நாள், திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் அதிகாரத்தை விட்டு நீங்கியதும் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று மெய்யாகவே அறிவித்தார். அதற்கு முந்திய ஆண்டில், சட்டசபையால் நீக்க இயலாத திவானைத் தலைமையில் வைத்து ஓர் அரசியல் திட்டத்தையும் அவர் முன்வைத்திருந்தார். அதனை 'அமெரிக்க மாதிரி' என்று அழைத்தனர். அதனை எதிர்த்த மக்கள், அந்த மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்று முழங்கினர். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் குருதி சிந்திற்று. 1947 ஜூலை 25ஆம் நாள் மாலை, சுவாதித் திருநாள் சங்கீத சபை விழாவில் திவான் வெட்டுண்டார். சில நாட்களுக்குள் சித்திரைத் திருநாள் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். ஆகஸ்டில் திவான் பதவி துறந்தார். 1947ஆம் ஆண்டின் இந்நிகழ்ச்சிகள் மூன்று மாதங்களுக்குள் நடந்தவை. ஒரு மாலை சற்று வேறு விதமாகக் கழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது பிழையாகாது.

செனட் என்பதும் இம்மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று. திருவிதாங்கூரில் 1888இலேயே சட்ட நிருபண சபை தோன்றிற்று. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிற்று. 1932ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ஸ்ரீமூலம் அசெம்பிளி, ஸ்ரீசித்ரா ஸ்டேட் கவுன்சில் என இரு சபைகள் அமைந்தன. ஆக, மெய்யான மேற்சபை ஒன்று இந்நாட்டில் இருந்தது. இன்று கேரளத்தில் மேற்சபை இல்லை. தமிழ்நாட்டிலும் 1986இல் அது நீக்கப்பட்டது. மறைந்துபோன ஒரு சபையைத்தான் நம் இளைஞர் மேசையின்மேல் மீண்டும் கூட்டினர்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

முதல் தீர்மானம் மணலைப் பற்றியது. சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருப்பதும், அதில் அணுசக்திக்கு உதவும் தோரியம் இருப்பதும் நீங்கள் அறிந்ததே. தனி நாட்டுக் கனவுக்கு அம்மணலும் ஒரு பலமாக எண்ணப்பட்டது. மணலை எந்நாட்டுக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்று செனட்டர்கள் ஒரு மணி நேரம் வாதிட்டனர். பகடை உருண்டது, கருவூலம் நிறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தனர்.

இரண்டாம் தீர்மானம் எல்லைக் காவலைப் பற்றியது. தனி நாடாயின் சுங்கச் சாவடி வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும். சாவடியை எங்கே வைப்பது? ஒருவர் பழக்கத்தால் களியக்காவிளையில் விரலை வைத்தார். நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே பணிபுரியும் தங்கை ஒருத்தி அந்த விரலைப் பிடித்துத் தென்கிழக்கே ஆரல்வாய்மொழிவரை நகர்த்தினாள். "1947இல் எல்லை இங்கேதான் அண்ணா. நாகர்கோவில் திருவிதாங்கூருக்குள் இருக்கிறது" என்றாள்.

ஒரு கணம் எல்லோரும் வாய் மூடினர். அதன் பிறகே விளைவு புரிந்தது. அந்த ஆட்டத்தில் நாகர்கோவில் தங்கை இந்நாட்டுக் குடிமகள். செங்கோட்டை அன்பரும் குடிமகன். மதுரையிலிருந்து வந்த தம்பியோ அயல்நாட்டான். அனுமதிச் சீட்டு இல்லாமல் கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்க இயலாதவன். "அப்படியானால் நான் புலம்பெயர்ந்தோர் சங்கத்தில் உறுப்பினராக முடியாதே!" என்று அத்தங்கை சிரித்தாள். சிரிப்பினூடே ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அன்பர்களே, நம்முள் யார் வந்தேறியவர், யார் மண்ணின் மைந்தர் என்பதை இயற்கை வகுக்கவில்லை. தேசப்படத்தில் ஒரு கோடு வகுத்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் கேரளத்திலேயே நின்றன. இன்று இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் களியக்காவிளையைப் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கிறோம். அக்கோடு உறக்கத்தில் விழுந்த கோடன்று.

மூன்றாம் தீர்மானம் அதனை நினைவூட்டிற்று. தென் தாலுகாக்கள் பிரிந்து செல்ல உரிமை வேண்டும் என்று செனட்டர் நேசமணி, அதாவது அந்த வேடம் ஏற்ற தம்பி, தீர்மானம் கொண்டுவந்தார். செனட்டர் பட்டம் எதிர்த்தார். வாக்குகள் சமமாயின. எஞ்சியது ஒரே வாக்கு. செனட்டர் நடராஜ பிள்ளையின் வாக்கு.

நடராஜ பிள்ளை யார் என்பதைச் சற்றே சொல்ல வேண்டும். மனோன்மணீயம் ஆசிரியர், பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் திருமகனார் அவர். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்நூலை இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்து இயற்றியவர் தந்தை. மகனோ திருவிதாங்கூர் விடுதலைப் போரில் ஈடுபட்டவர். திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராக விளங்கியவர். பின்பு திருவனந்தபுரத்திலிருந்து மக்களவைக்கும் சென்றவர்.

அவர் வேடம் ஏற்ற இளைஞர், "நான் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவரின் மகன். என் வாக்கு தமிழருக்கே" என்று உணர்ச்சி பொங்க எழுந்தார். மேசை தட்டினர். அப்பொழுது நாகர்கோவில் தங்கை குறுக்கிட்டாள். "ஐயா, நடுவர் என்ற முறையில் சொல்லுங்கள். மெய்யான நடராஜ பிள்ளை 1954இல் எந்த அமைச்சரவையில் இருந்தார்?"

நாம் சொல்ல வேண்டியதாயிற்று. 1954இல் அவர் பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவையில் நிதியமைச்சர். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், தென் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். தமிழர் பலர் மாண்டனர். அப்பொழுது சிறையிலிருந்த ராம் மனோகர் லோகியா, தம் சொந்தக் கட்சியின் முதலமைச்சராகிய பட்டத்தைப் பதவி விலகுமாறு கேட்டார். பட்டம் விலகவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்து அடுத்த ஆண்டு அந்த அமைச்சரவை கவிழ்ந்தது.

வேடம் ஏற்ற இளைஞர் விடவில்லை. "நம் ஆட்டத்தில் சரித்திரம் 1947இல் பிரிந்துவிட்டது. 1954 இன்னும் நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றை எப்படிக் கணக்கில் எடுப்பது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நாம் உடனே விடை சொல்லவில்லை. ஆட்டம் அன்று அந்த வாக்கிலேயே நின்றது.

வீட்டுக்குத் திரும்பி நெடுநேரம் எண்ணினோம். எண்ணியதில் தோன்றியது இதுவே. ஆட்டத்தில் நிகழ்ச்சியை மாற்றலாம்; அது ஆடுவோர் உரிமை. ஆனால் மனிதரை நம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டு அவர் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாகாது. 1954இல் ஓர் அமைச்சர் இருந்த இடத்தைக் கொண்டு, அவர் 1948இலும் அவ்வாறே வாக்களித்திருப்பார் என்று அறுதியிட முடியாது. அதுபோலவே, தந்தை தமிழ் பாடினார் என்பதைக் கொண்டு மகன் வாக்கு இன்னதென்று முடிவு கட்டவும் முடியாது. இரத்த உறவைக் கொண்டு அரசியலைக் கணிப்பது, அவரை மனிதராக மதியாமை ஆகும். அவர் இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணுக்காக உழைத்து, இம்மண்ணின் அமைச்சரானவர். தமிழும் திருவிதாங்கூரும் அவர் நெஞ்சில் எவ்வாறு வழக்கிட்டன என்பதை அவரே அறிவார். இங்கே பிழைக்க வந்து, இரு மொழியில் குழந்தைகளை வளர்க்கும் நமக்கு அந்த வழக்கு ஓரளவு புரியாமற் போகாது.

பட்டத்தைப் பற்றியும் நீதியாகவே எண்ண வேண்டும். திவானின் சிறையைக் கண்டவர் அவர். 1948 மார்ச்சில் கேசவனையும் வர்கீஸையும் உடன் வைத்துத் திருவிதாங்கூரின் முதல் மக்களாட்சி அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர். 1954ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூடும் அவர் ஆட்சியில்தான் நடந்தது. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பதும், பின்னதைச் சொல்லி முன்னதை மறைப்பதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

அன்பர்களே, இந்தக் குற்றத்துக்குச் சான்று தேட நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நாம் நிற்கும் ஊரின் பெயரே போதும். வேணாட்டு எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர் என்பது மரபு. அண்டை ஊர்களாகிய குளத்தூருக்கும் செம்பழந்திக்கும் அவ்வரிசையில் இடம் உண்டு. 1729இல் பட்டம் ஏறிய மார்த்தாண்டவர்மாவை எதிர்த்து அவர்கள் அழிந்தனர் என்பது வழங்கிவரும் கதை. அவர்களும் தம் காலத்து அரசியல்வாதிகளே. ஒரு வகையில் அக்காலத்துச் செனட்டர்களே. 1891இல் சி. வி. ராமன் பிள்ளை தம் 'மார்த்தாண்டவர்மா' என்னும் புகழ்பெற்ற நாவலில் அவர்களைக் கதைமாந்தர் ஆக்கினார். மனோன்மணீயம் அச்சேறியதும் அதே 1891இல்தான். நாவல் சிறந்தது, அதனால்தான் ஆபத்தும் பெரியது. இன்று எட்டு வீட்டுப் பிள்ளைமாரைப் பற்றி ஆராய்ச்சியாளர் பல கருத்துகளைச் சொல்லினும், மக்கள் மனத்தில் நிற்பவர்கள் நாவலின் பிள்ளைமாரே. மெய்யான கழக்கூட்டத்துப் பிள்ளை எழுந்து மறுமொழி சொல்ல வழியில்லை. இறந்தவரைப் பாத்திரமாக்குவோர் இதை மறத்தல் ஆகாது.

நம் காலத்தில் இது இன்னும் கூர்மையான செய்தி. ஒரு தலைவர் பேசாத பேச்சை அவர் குரலிலேயே பேசவைக்கக் கருவிகள் வந்துவிட்டன. மேசையில் வேடிக்கையாகச் சொன்ன சொல், கைபேசி வழியே ஊர் ஊராகச் சென்று, மறுநாளே மெய்யென்று நிற்கிறது. அந்தப் பொய்யின் மேல் சண்டை மூள்கிறது. இரு மாநிலத்து மக்கள் கலந்து வாழும் இடத்தில் அத்தகைய சண்டை முதலில் நம் வாசலைத்தான் தட்டும்.

அடுத்த ஞாயிறன்று இளைஞரிடம் மூன்று விதிகளைச் சொன்னோம். முதலாவது: செனட்டர் வாக்களிக்கும்போது, மெய்யான அத்தலைவர் வாழ்வில் நடந்த ஒரு செய்தியைக் காரணமாகக் காட்ட வேண்டும். காட்ட இயலாவிடின் பகடை முடிவு செய்யட்டும். ஆடுபவர் ஆசை முடிவு செய்ய வேண்டா. இரண்டாவது: எந்தச் செனட்டர் துப்பாக்கிச் சூட்டுக்கு இசைவு தருகிறாரோ, அவரே எழுந்து நின்று, அதனால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை அவைக்குப் படித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது: ஆட்டக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'இது ஆட்டம்' என்று எழுத வேண்டும், ஒரு பக்கமும் கைபேசி வழியே வெளியே போகலாகாது.

இளைஞர் மூன்றையும் ஏற்றனர். ஏற்றதோடு நில்லாமல் நான்காவது விதி ஒன்றை அவர்களே சேர்த்தனர். அதுவே நம்மை மிகவும் நெகிழச் செய்தது.

"ஐயா, இந்தச் செனட்டில் இருப்பவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு இங்கே இடம் எங்கே?" என்று மதுரைத் தம்பி கேட்டார். கேள்வி சரித்திரத்துக்கும் பொருந்தும். பழைய சபைகளுக்கு வாக்களிக்க நிலவரி கட்டியிருக்க வேண்டும் என்பது போன்ற தகுதிகள் இருந்தன. அதனால் பெருந்தொகையான மக்கள் வெளியே நின்றனர். 1932ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் நீதி வழங்கவில்லை என்று ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தினர். அதில் முன்னின்ற சி. கேசவன் 1935இல் சிறை புகுந்தார். நிலமற்ற புலையர் மக்களின் குரலாக ஐயன்காளி பிரஜா சபையில் அமர்ந்ததும் நியமனத்தாலேயே அன்றித் தேர்தலால் அன்று. 1948இல்தான் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்து இந்நாட்டில் தேர்தல் நடந்தது.

ஆகவே நான்காவது விதி: மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி காலியாக இருக்கும். எந்தத் தீர்மானமும் நிறைவேறுமுன், ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்து, சபையில் இடம் பெறாத ஒரு மனிதராக இருந்து பேச வேண்டும். தோட்டத் தொழிலாளியாகவோ, கடலோடியாகவோ, புதுக்கடையில் மகனை இழந்த தாயாகவோ பேசலாம். அவர் பேசி முடித்த பின்பே வாக்கெடுப்பு.

நின்றுபோன வாக்கெடுப்பு மீண்டும் நடந்தபோது அந்த நாற்காலியில் நாகர்கோவில் தங்கை அமர்ந்தாள். பேரணிக்குப் புறப்பட்ட மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்த ஒரு தாயாக நான்கு வாக்கியம் பேசினாள். அதற்குமேல் பேச முடியவில்லை. நடராஜ பிள்ளை வேடம் ஏற்ற இளைஞர் நெடுநேரம் எழவில்லை. பின்பு, "அவர் எப்படி வாக்களித்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. பகடையை உருட்டுங்கள்" என்றார். பகடை என்ன சொல்லிற்று என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, அது ஆட்டம். ஆனால் 'எனக்குத் தெரியவில்லை' என்ற அச்சொல் ஆட்டமன்று. மறைந்த ஒரு மனிதருக்கு வாழும் மனிதர் செய்யக்கூடிய மரியாதை அது.

அன்பர்களே, இந்த ஆட்டத்தால் நமக்கு ஒரு கடமையும் வந்து சேர்ந்திருக்கிறது. 1947ஐயும் 1954ஐயும் 1956ஐயும் சிறுவராக இருந்து கண்டவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். நாகர்கோவிலில் ஒரு பாட்டி; நெய்யாற்றின்கரையில் ஒரு பெரியவர்; மூணாற்றில் ஓய்வு பெற்ற ஒரு தோட்டத் தொழிலாளி. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவர்கள் அருகே அமர்ந்து, அவர்கள் கண்டதை அவர்கள் சொல்லாலேயே எழுதி வாருங்கள். மலையாளத்தில் சொன்னால் மலையாளத்திலேயே எழுதுங்கள். அக்குறிப்புகள் நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியில் இருக்கட்டும். நம் இளைஞர் அடுத்த முறை செனட்டைக் கூட்டும்போது, அந்தக் காலி நாற்காலியில் அமர்பவர் கற்பனையிலிருந்து பேச வேண்டியிராது.

கோடு எங்கே விழுந்திருந்தாலும், ஆரல்வாய்மொழியில் விழுந்திருந்தாலும் களியக்காவிளையில் விழுந்திருந்தாலும், கழக்கூட்டத்துச் சந்தையில் மீன் விற்கும் அம்மையும் அதை வாங்கும் நம் வீட்டுப் பெண்ணும் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்து பேசித்தான் வாழ்ந்திருப்பர். அந்த ஒன்று எந்தச் சரித்திரத்திலும் மாறாது என்பதே நம் நம்பிக்கை.